சிமெண்ட் ஆலையும் ரசாயன ஆலைதான்

வேதிப் பொறியியல் என்றதும் நம்மவர்களுக்குக் கடலூர் சிப்காட்டும் மணலி சுத்திகரிப்பு ஆலையும்தான் ஞாபகத்துக்கு வருகின்றன. அரியலூரை யாரும் சொல்வதில்லை. ஆனால் தளவாயிலும் கோவிந்தபுரத்திலும் ரெட்டிப்பாளையத்திலும் உள்ள சிமெண்ட் ஆலைகளில் நடப்பது அசல் வேதிவினை. கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன், இந்த மண் கடலடியில் கிடந்தபோது படிந்த சுண்ணாம்புக்கல்லை அரைத்து, களிமண் சேர்த்து, மெல்லச் சுழலும் நீண்ட சூளைக்குள் அனுப்புகிறார்கள். 900 டிகிரி செல்சியஸ் வாக்கில் கல் சிதைந்து கரியமில வாயு பிரிகிறது. 1,450 டிகிரியில் கருஞ்சாம்பல் நிற உருண்டைகளாகக் கிளிங்கர் உருவாகிறது. அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஜிப்சம் சேர்க்காவிட்டால் கொத்தனார் கரண்டியை எடுப்பதற்குள் கலவை இறுகிவிடும்.

சிக்கலும் இந்த வினைக்குள்ளேயே இருக்கிறது. 100 கிலோ சுத்தமான சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயு வெளியேறும். நிலக்கரியை விட்டு வேறு எரிபொருளுக்கு மாறினாலும் இந்தக் கணக்கு மாறாது. அனல் மின்நிலையச் சாம்பலையும் இரும்பு ஆலைக் கசடையும் கலந்து கிளிங்கரைக் குறைக்கலாம். வெளியேறும் வாயுவைப் பிடித்து வைக்கவும் வழி தேடலாம். இதெல்லாம் வேதிப் பொறியாளரின் வேலை. பெரம்பலூர், அரியலூர் பிள்ளைகளுக்கு லாரிப் புழுதி மட்டும்தான் பங்கா? ஆலைகள் தங்கள் ஆய்வகக் கதவை உள்ளூர் மாணவர்களுக்குத் திறக்க வேண்டும். கல்லூரிகள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.