அரபி எழுத்துல இருக்கிறதும் நம்ம தமிழ்தான்

அரபி எழுத்துல ஒரு பழைய புத்தகத்தைப் பார்த்தா நம்மில் பலர் என்ன சொல்வோம்? "அது பாய் வீட்டு மதப் புத்தகம், நமக்கென்ன?" அங்கதான் தப்பு. வாய்விட்டு வாசிச்சா அதுல பாதி தமிழா இருக்கலாம்!

அதுக்குப் பேரு அரபுத்தமிழ். அர்வின்னும் சொல்வாங்க. தமிழை அரபி எழுத்துல எழுதுறது. அரபியில ப, ட, ழ, ள இதெல்லாம் கிடையாது. அதனால இருக்கிற எழுத்துக்கே புள்ளியும் குறியும் கூட்டி புது எழுத்து உண்டாக்கினாங்க. கீழக்கரை, காயல்பட்டினம், இலங்கை என்று கடலோரம் முழுக்க இது புழங்கியது. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) இதில் நிறைய எழுதியவர்.

இதை எப்படி அச்சடிச்சாங்க என்பது நமக்கு இன்னும் சுவாரஸ்யம். அரபி எழுத்து சொல்லின் முதல், நடு, கடைசி என்று இடத்துக்கு இடம் வடிவம் மாறும். ஈய அச்சு கோர்ப்பது பெரிய வேலை. கல்லச்சில் அந்தத் தொல்லை இல்லை. கையால் எழுதியதையே அச்சாக்கலாம். இன்று சிவகாசியில் காலண்டரும் பட்டாசு லேபிளும் அடிக்கிற ஆப்செட், அதே கல்லச்சின் வாரிசுதான்.

அச்சு வந்ததும் இதழ்கள் வந்தன. கொழும்பில் 1869-லேயே 'அலாமத் லங்காபுரி' வந்தது. மொழி மலாய், எழுத்து அரபி. கெய்ரோவில் 1892-ல் ஜுர்ஜி ஜைதான் 'அல்-ஹிலால்' தொடங்கினார். அவர் ஒரு கிறிஸ்தவர். அரபி என்றாலே மதம் மட்டும்தான் என்பதற்கு இந்த ஒரு பதில் போதும்.

தமிழிலும் 1882-ல் இலங்கையில் சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' தொடங்கினார். பிள்ளைகளுக்கு நவீனக் கல்வி வேணும்னு விடாம எழுதினார். எழுத்தோட நிக்கல. எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு 1883-ல் கொழும்பு வந்த அராபி பாஷாவும் கைகொடுக்க, 1892-ல் கொழும்பில் உருவான பள்ளிதான் இன்றைய ஸாஹிராக் கல்லூரி. ஒரு பத்திரிகை பேசினது கட்டடமா நிக்குது.

ஆனா எல்லா இதழுக்கும் இந்த யோகம் இல்லை. சிங்கப்பூரில் மகுதூம் சாகிபு 1887-ல் தொடங்கிய 'சிங்கை நேசன்' இன்றும் வாசிக்கக் கிடைக்குது. காரணம், பிரதிகளை நூலகத்தில் வச்சுக் காப்பாத்தினாங்க. அதுக்கு முன்னாடி வந்த 'சிங்கை வர்த்தமானி'க்குப் பேர் மட்டும்தான் மிச்சம்.

அரபுத்தமிழுக்கு ஆபத்து இரட்டிப்பு. தாள் மட்கிட்டே வருது, வாசிக்கத் தெரிஞ்ச பெரியவங்களும் குறைஞ்சிட்டே வர்றாங்க. புத்தகம் இருந்தும் வாசிக்க ஆள் இல்லேன்னா, அதுவும் அழிஞ்ச கணக்குதான்.

என் கருத்து இதுதான்: இது தமிழ்த்துறை வேலை மட்டும் இல்ல, நம்ம வேலையும்தான். வருஷா வருஷம் பைனல் இயர் புராஜெக்ட்டுக்கு முக அடையாள வருகைப் பதிவேட்டையே திரும்பத் திரும்பச் செய்றோம். ஒரு டீமாவது அரபுத்தமிழ்ப் பக்கத்தைத் தமிழ் எழுத்துக்கு மாத்தற மென்பொருளை முயற்சி செய்யலாமே? அதைப் பழக்க நூறு பக்கமாவது தேவை. உடைமைக்காரங்க சம்மதத்தோட போன்ல படம் பிடிச்சு, வாசிக்கத் தெரிஞ்ச பெரியவங்க பக்கத்துல உட்கார்ந்து வரி வரியா எழுதணும். கோடிங்கை அப்புறம் பார்த்துக்கலாம். பெரியவங்க இருக்கிறப்பவே அந்த நூறு பக்கத்தைத் தொடங்குவோம்.