புளியங்கொட்டையும் பூதத்தின் குகையும்

நமது தலைமை ஆசிரியர் சென்ற வாரம் நம்மைத் தனியே அழைத்து, "ஸார், ஞாயிற்றுக்கிழமைதோறும் சிநேகிதர்களோடு உட்கார்ந்து பகடை உருட்டுகிறீர்களாமே, வாஸ்தவமா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். வாஸ்தவந்தான் என்றோம். அவர் முகம் வாடியதைக் கண்டு, இது பணம் வைத்து ஆடுவதல்லவென்றும், இருபது வருஷங்களுக்கு மேலாக ஆடியும் ஒரு காசு ஜயித்ததுமில்லை, தோற்றதுமில்லையென்றும் தெரிவித்தோம். "பின் எதற்காக ஆடுகிறீர்கள்?" என்றார். மணி அடித்துவிட்டது. அங்கே சொல்ல முடியாமற் போன பதிலை நேயர்களுக்கு இங்கே சொல்ல உத்தேசம்.

இந்த விளையாட்டின் மூதாதை யுத்த விளையாட்டு. 1824-ல் பிரஷ்யா தேசத்து ராணுவ அதிகாரி ரைஸ்விட்ஸ் என்பவர், தேசப்படத்தின்மேல் கட்டைகளை நகர்த்தி யுத்தம் பழகும் ஒரு முறையைத் தம் அரசரின் சேனைக்குக் கொடுத்தார். அதிர்ஷ்டத்தின் பங்கைப் பகடை காட்டிற்று; தீர்ப்புச் சொல்ல ஒரு மத்தியஸ்தர் இருந்தார். 1969-ஐ ஒட்டி, அமெரிக்காவில் டேவிட் வெஸ்லி என்பவர் ஒரு விபரீதம் செய்து பார்த்தார். ஆளுக்கொரு சேனையைக் கொடுப்பதற்குப் பதிலாக, ஆளுக்கொரு வேஷத்தைக் கொடுத்தார். ஒருவர் நகரத் தலைவர், ஒருவர் பாங்குக்காரர், ஒருவர் சர்வகலாசாலை அதிபர். ஒரே குழப்பம்! காரியம் கெட்டதென்று வெஸ்லி நினைத்தார். ஆடியவர்களோ, மறுபடி எப்போது என்று கேட்டார்கள். அவர்களில் ஒருவரான டேவ் ஆர்னஸன், கோட்டைக்கடியிலுள்ள பாதாள வழிகளில் தம் நண்பர்களை இறக்கிவிட்டார். விஸ்கான்ஸின் மாகாணத்து லேக் ஜெனீவாவில் வசித்த கேரி கைகாக்ஸ் அவரோடு சேர்ந்தார். 1974-ல், மூன்று சிறு புஸ்தகங்கள் அடங்கிய ஒரு பெட்டியாக 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வெளியாயிற்று. முதற் பதிப்பு 1,000 பிரதிகள்.

ஆட்டத்துக்குக் கட்டம் போட்ட பலகை அவசியமில்லை. ஒருவர் சூத்திரதாரி, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரம். "குகை வாசலில் நிற்கிறீர்கள். உள்ளே யாரோ அழும் சப்தம். என்ன செய்கிறீர்கள்?" என்பார் சூத்திரதாரி. அவரவர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்ல வேண்டும். பலிக்குமோ பலிக்காதோ என்ற சந்தேகம் வரும்போது, இருபது முகமுள்ள பகடை தீர்ப்புச் சொல்லும். ஆசிரியர்களுக்குப் பெருமை தரும் சேதி ஒன்றுண்டு: இவ்விசித்திரப் பகடைகளைக் கைகாக்ஸ் கண்டெடுத்தது பள்ளிக்கூடச் சாமான்களின் விலைப்பட்டியலில்தான்!

2000-ம் வருஷத்தில், இவ்விளையாட்டின் விதிகளிற் பெரும்பகுதியை எவரும் எடுத்தாளலாமென்று அதன் சொந்தக்காரர்கள் அனுமதித்தார்கள். அடுத்த வருஷம் நாமும் கல்லூரி விடுதிச் சிநேகிதர்கள் மூவரும் காசு சேர்த்து, பிரவுஸிங் சென்டரில் அவற்றை அச்செடுத்துக் கொண்டு வந்தோம். இல்லாத பாகங்களை நாமே இட்டு நிரப்பினோம். பகடைக்கு எங்கே போவது? 20 புளியங்கொட்டைகளைத் தேய்த்து, எண் எழுதி, ஒரு தகர டப்பாவில் போட்டுக் குலுக்கினோம். 1979-ல் பகடை கிடைக்காத முடையில், அமெரிக்கப் பெட்டியிலேயே எண் அச்சிட்ட அட்டைத் துண்டுகளை வைத்துத்தான் விற்றார்களென்று பின்னால் அறிந்தபோது, நம் புளியங்கொட்டைக்கும் ஒரு கௌரவம் வந்துவிட்டது.

அம் மூவரில் ஒருவர் வகுப்பில் வாய் திறக்காதவர். அவர் எடுத்துக்கொண்ட பாத்திரம் ஒரு கிழக் காவற்காரன். அந்தக் கிழவனாக அவர் பேசும்போது அறையே அடங்கிவிடும். பத்து வருஷம் அந்தக் கிழவன் எங்களோடு நடந்தான். 2011-ல் ஒரு ஞாயிறு, ஒரு பாலத்தின்மேல், மற்றவர்கள் தப்பிப் போகட்டுமென்று பூதத்தின் எதிரே தனியாக நின்றான். சூத்திரதாரி நாம். அப்போது எங்களிடம் அசல் பகடை வந்துவிட்டது. தேசப்படப் புஸ்தகத்தை நிறுத்தி அதன் மறைவில் உருட்டுவோம். 14-க்குமேல் விழுந்தால் கிழவன் மாண்டான். விழுந்தது 17. நம் வாய், "7" என்றது. எல்லோரும் ஆரவாரித்தார்கள்.

அந்தச் சிநேகிதர் மட்டும் ஆரவாரிக்கவில்லை. நமக்குப் பின்னாலிருந்த கண்ணாடி அலமாரியில் அவர் பகடையைப் பார்த்துவிட்டார். அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்ததும் வரவில்லை. டெலிபோனில், "நான் சாகத் தயாராகத்தான் நின்றேன். அதைக்கூட எனக்கு இல்லாமற் செய்துவிட்டாய். என்னைக் குழந்தையென்றா நினைத்தாய்?" என்றார். அன்பினால் செய்தோம் என்று சொல்ல வாயெடுத்தோம், சொல்ல வெட்கமாயிருந்தது.

ஏழு மாதம் கழித்து, பழைய தகர டப்பாவை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனோம். "நீயே உன் கையால் எடு, எது வந்தாலும் அதுவே" என்றோம். அவர் டப்பாவைக் குலுக்கவில்லை. கொட்டைகளை மேஜைமேல் கவிழ்த்து, ஒவ்வொன்றாகப் புரட்டித் தேடி, 17-ஐ எடுத்து நம் முன் வைத்தார். "அன்று விழுந்தது இதுதானே?" என்றார். ஆமென்றோம். கிழவன் அன்று இறந்தான். பிறகு அவர் ஒரு காகிதம் கேட்டார். கிழவனின் பெண்ணுக்கு ஒரு பெயர் எழுதினார். அவள் இன்றும் எங்களோடு வருகிறாள்.

அதன்பின் தேசப்படப் புஸ்தகம் மேஜைமேல் நின்றதில்லை. பகடை எல்லார் கண்ணெதிரே உருளுகிறது. இன்னொரு வழக்கமும் நின்றது. 31 வாங்கிய பையனுக்குப் பரிதாபப்பட்டு 35 போட்டு அனுப்பிவந்தோம். இப்போது 31 என்றே போட்டு, சாயங்காலம் அரைமணி நேரம் அவனை நம் பக்கத்தில் உட்கார்த்திக்கொள்கிறோம்.

ஆகையால், தலைமை ஆசிரியர் அவர்களே, எதற்காக ஆடுகிறோம் என்பதற்கு இதுதான் பதில். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஒரு நாற்காலி காலியாக இருக்கும். தாங்கள் கொண்டுவர வேண்டியது ஒரு பென்சில் மட்டுமே.