தெரிந்த முகம், பேசாத வாய்!

காலை எட்டு மணி. கீழ்க்கட்டளை பஸ் நிலையத்தில் கூட்டம்.

வேலைக்குப் போகிறவர்கள் நிற்கிறார்கள். கல்லூரிக்குப் போகிறவர்கள் நிற்கிறார்கள். சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிய பெண்கள் நிற்கிறார்கள். நேற்று நின்றவர்கள்தான் இன்றும் நிற்கிறார்கள். நாளையும் இவர்களே நிற்பார்கள்.

ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியும். யார் எந்த பஸ்சில் ஏறுவார் என்பதுகூடத் தெரியும். ஒரு நாள் ஒருவர் வராவிட்டால், "இன்று ஏன் காணோம்?" என்று மனம் கேட்கும். ஆனால், வாய் கேட்காது.

தெரிந்த முகம். தெரியாத மனிதர்!

மாணவர்கள் எடுத்த போட்டோ

இது கீழ்க்கட்டளையில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. பெரிய நகரங்கள் எல்லாவற்றிலும் உண்டு.

அமெரிக்காவில், நியூயார்க் நகரப் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி மில்கிராம் என்ற பேராசிரியர் இருந்தார். மனித மனத்தை ஆராய்ந்தவர். 1970-களின் தொடக்கத்தில் அவருடைய மாணவர்கள் ஒரு சோதனை செய்தார்கள்.

காலையில் ரெயிலுக்குக் காத்து நின்றவர்களைப் போட்டோ பிடித்தார்கள். படத்தில் இருந்த ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்டார்கள். அடுத்த வாரம் அதே ரெயில் நிலையத்துக்குப் போனார்கள். அங்கு நின்றவர்களிடம் படத்தைக் கொடுத்தார்கள். "இதில் யாரைப் பார்த்த ஞாபகம்? யாருடன் பேசியது உண்டு?" என்று கேட்டார்கள்.

பதில் என்ன தெரியுமா? 10 பேரில் சுமார் 9 பேர், ஒரு முகத்தையாவது அடையாளம் காட்டினார்கள். பார்த்துப் பழகிய, ஆனால் பேசாத முகங்கள் சராசரியாக ஒருவருக்கு 4. பேசியவர்களோ ஒன்றிரண்டு பேர்தான்!

இந்தப் பேசாத முகங்களுக்கு மில்கிராம் ஒரு பெயர் வைத்தார். "பழக்கமான அந்நியர்" என்பது அந்தப் பெயர்.

புரூக்ளின் என்ற பகுதியில் நடந்த ஒரு சம்பவத்தையும் அவர் எழுதினார். ஒரு பெண் தெருவில் மயங்கி விழுந்தார். அந்தத் தெருவில் வசித்த இன்னொரு பெண் உடனே உதவிக்கு வந்தார். ஆம்புலன்சை வரவழைத்தார். ஆஸ்பத்திரி வரை கூடவே போனார். அந்த இருவரும் அதற்கு முன் ஒரு வார்த்தை பேசியது இல்லை. பல ஆண்டுகளாகப் பார்த்த முகம் என்பதால், அவரைக் கவனிப்பது தன் பொறுப்பு என்று அந்தப் பெண் நினைத்தார்.

ஆக, அன்பு உள்ளே இருக்கிறது. பேச்சுதான் வெளியே வரவில்லை!

வீண் பயம்

ஏன் வரவில்லை? "நாம் பேசினால் அவர் என்ன நினைப்பாரோ?" என்ற பயம்தான்.

இந்தப் பயம் வீண் என்று காட்டியிருக்கிறார்கள், சிகாகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் எப்ளியும் ஜூலியானா ஷ்ரோடரும். அவர்களுடைய ஆராய்ச்சி 2014-ல் வெளிவந்தது. ரெயிலிலும் பஸ்சிலும் வேலைக்குப் போகிறவர்களைப் பிரித்தார்கள். சிலரிடம், "பக்கத்தில் இருப்பவருடன் பேசுங்கள்" என்றார்கள். சிலரிடம், "பேசாமல் இருங்கள்" என்றார்கள்.

பேசியவர்களுக்குத்தான் பயணம் இன்பமாக இருந்தது. "நம்மோடு பேச விரும்புகிறவர்கள் பாதிப் பேர்கூட இருக்க மாட்டார்கள்" என்பது பயணிகளின் எண்ணம். ஆனால், பேசப் போனவர்களில் ஒருவர்கூட, "என்னை அவமதித்தார்கள்" என்று சொல்லவில்லை!

இவரைப் பார்த்து அவர் பயப்படுகிறார். அவரைப் பார்த்து இவர் பயப்படுகிறார். பஸ் வந்துவிடுகிறது!

திண்ணையும் பஸ்சும்

"அந்தக் காலத்தில் திண்ணை இருந்தது. வழிப்போக்கர் கூட உட்கார்ந்து பேசுவார்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால், அந்தத் திண்ணையில் எல்லோரும் உட்கார முடிந்ததா? இல்லை. சாதி குறுக்கே நின்றது.

ஒரு காலத்தில் பஸ்சிலும் அந்தக் கொடுமை இருந்தது. தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மறுத்த பஸ் முதலாளிகள் உண்டு. அப்போது இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்தவர் பட்டிவீரன்பட்டி சவுந்திரபாண்டியன். "ஏற்ற மறுத்தால் லைசென்சு ரத்து" என்று உத்தரவு போட்டார். சென்னையில் உள்ள பாண்டி பஜார் அவர் பெயரைத் தாங்கியதுதான்.

இன்று பஸ்சில் யார் பக்கத்திலும் யாரும் உட்காரலாம். சும்மா கிடைத்த உரிமை அல்ல இது. பக்கத்தில் உட்கார வழி பிறந்துவிட்டது. பேசவும் வழி பிறக்க வேண்டாமா?

வெள்ளம் வந்தபோது

2015 டிசம்பர் மாதம். பெருமழை கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வெள்ளம் வீடுகளைச் சூழ்ந்தது. அன்று படகில் வந்து தூக்கியவர் யார்? சோற்றுப் பொட்டலம் நீட்டியவர் யார்? பெரும்பாலும் முன்பின் தெரியாதவர்கள்தான்.

தண்ணீர் வடிந்தது. கதவுகள் மறுபடியும் மூடிக்கொண்டன.

கீழ்க்கட்டளையும் ஏரிக்கரை ஊர். இங்கு நிரம்பும் தண்ணீர் நாராயணபுரம் ஏரி வழியாகப் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துக்குப் போகிறது. அடுத்த மழை எப்போது என்று யாருக்குத் தெரியும்? எந்த வீட்டில் நடக்க முடியாத பாட்டி தனியாக இருக்கிறார் என்பது அக்கம்பக்கத்துக்குத் தெரிந்திருந்தால், அந்த உயிர் பிழைக்கும். அதை மழை நாளில் விசாரிக்க முடியாது. வெயில் நாளிலேயே பேசி வைத்திருக்க வேண்டும்.

வெள்ளம் இல்லாவிட்டாலும் தனிமை ஆளைக் கொல்லும். உலகில் 6 பேரில் ஒருவர் தனிமையால் வாடுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2025-ல் அறிவித்தது. தனிமையோடு தொடர்புள்ள சாவுகள் மணிக்கு சுமார் 100!

எச்சரிக்கையும் வேண்டும்

"முன்பின் தெரியாதவரிடம் பேசாதே" என்று பிள்ளைகளுக்குப் பெற்றோர் சொல்கிறார்கள். அதில் தப்பு இல்லை. ஏமாற்றுக்காரர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

ஆனால், ஏமாற்றுக்காரனுக்கு எளிதில் சிக்குபவர் யார்? பேச ஆள் இல்லாதவர்!

இங்கிலாந்தில், மோசடியில் பணம் இழந்த ஒரு மூதாட்டியைப் போலீசார் சந்தித்தார்கள். பேச வேறு ஆள் இல்லாததால், அவர் மோசடிக்காரருடனேயே போனில் பேசிவந்தார். பர்னாம்-ஆன்-சீ என்ற கடலோர ஊரில் போலீசார் 2019-ல் பெஞ்சில் ஒரு பலகை மாட்டினார்கள். 'யாராவது வந்து வணக்கம் சொன்னால் பரவாயில்லை என்பவர்கள் இங்கே உட்காருங்கள்' என்பது அதில் இருந்த வாசகத்தின் கருத்து. இப்படிப்பட்ட பெஞ்சுகள் பிறகு பல ஊர்களுக்கும் பரவின.

மாணவர்கள் கையில்

தாம்பரத்திலும் குரோம்பேட்டையிலும் கல்லூரிகள் இருக்கின்றன. 1969 முதல் நாட்டு நலப்பணித் திட்டம் நடக்கிறது. மாணவர்கள் மரம் நடுகிறார்கள். ரத்த தானம் செய்கிறார்கள். இந்தப் பணியையும் செய்யலாமே!

பஸ் நிலையத்தில் ஒரு பெஞ்சு, ஒரு பலகை. பலகையில், "இந்த ஊருக்கு வந்து எத்தனை வருஷம்? அப்போது ஏரி எப்படி இருந்தது?" என்ற கேள்வி. செலவு அதிகம் இல்லை. ஒரு பெரியவர் தொடங்கினால் போதும். பக்கத்தில் நிற்பவர் தொடர்ந்து விடுவார்.

சில கட்டுப்பாடுகள் தேவை. பகலில், பலர் பார்க்கும் இடத்தில் மட்டும் பேச வேண்டும். சாதியைக் கேட்கக் கூடாது. போன் நம்பரும் பாங்கிக் கணக்கும் கேட்கக் கூடாது. விரும்பாதவரைத் தொந்தரவு செய்யக் கூடாது. பெண்கள், "வேண்டாம்" என்றால், அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். உடன் வரும் மாணவிகளே பெண்களிடம் பேசுவது நல்லது.

கல்லூரிகள் அனுமதி கொடுக்கட்டும். தாம்பரம் மாநகராட்சி இடம் கொடுக்கட்டும்.

அதுவரை காத்திருக்கவும் வேண்டாம். நேற்று வராதவர் இன்று வந்தால், "உடம்பு சவுக்கியமா?" என்று கேட்கலாம். அதற்குப் பலகை தேவை இல்லை. பெஞ்சும் தேவை இல்லை.