வாடகை வண்டியும் நியாயக் கட்டணமும்

வண்டிக்காரர் கேட்கும் கூலிக்கும் பிரயாணி கொடுக்க விரும்பும் கூலிக்கும் இடையே பூசல் நேர்வது புதியதன்று. இலண்டன் மாநகரில் 1654ஆம் ஆண்டிலேயே வாடகைக் குதிரை வண்டிகளுக்குச் சட்டம் வகுக்கப்பட்டது. சென்னை மாகாணத்தில் 1911ஆம் ஆண்டில் அத்தகைய வண்டிகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று குதிரைக்குப் பதிலாக இயந்திரமும், வாய்ப்பேரத்திற்குப் பதிலாகச் செல்பேசியும் வந்துள்ளன. ஊபர், ஓலா முதலிய நிறுவனத்தார் பிரயாணியையும் வண்டிக்காரரையும் இணைத்து, தேவை மிகும்போது கட்டணத்தையும் மிகுவிக்கின்றனர். இதற்கு வரம்பு வேண்டுமா என்பதே நகரங்களில் நிகழும் வாதம்.

வரம்பு வேண்டாமென்பார் கூற்றை இகழ்ந்து தள்ளுதல் முறையன்று. கட்டணம் உயர்ந்தால் ஓய்ந்திருக்கும் வண்டிகளும் வெளிவரும். ஆதலின் காத்திருப்போர்க்கு அது நன்மையே என்பர் அவர். சாதாரண நாட்களில் இஃது ஓரளவு மெய்யே. ஆயின், கடலூர் மக்கள் சாதாரண நாட்களை மட்டும் கண்டவரல்லர். 2011 டிசம்பர் 30ஆம் நாள் வீசிய தானே புயலையும், 2015ஆம் ஆண்டின் வெள்ளத்தையும் நினைவு கூர்க. சாலைகள் நீரில் மூழ்கிய வேளையில் கட்டணத்தை எத்துணை உயர்த்தினும் வண்டிகள் பெருகா. உள்ள வண்டி பொருளுடையான் வாயிலுக்கே செல்லும். பிரசவ வேதனையுற்ற ஏழையோ மருத்துவமனைக்குப் போக வகையின்றித் தவிப்பாள்.

மத்திய அரசாங்கத்தார் 2020ஆம் ஆண்டு வெளியிட்ட வழிகாட்டு நெறிகளில், அடிப்படைக் கட்டணத்தின் ஒன்றரை மடங்கே உச்சவரம்பு என்றனர். 2025ஆம் ஆண்டில் அதனை நெரிசல் வேளைகளில் இருமடங்காக்கினர். எனினும், அடிப்படைக் கட்டணத்தை விதிக்க வேண்டியது மாநில அரசாங்கமே. நோயின் வேர் இங்கேதான் உளது. சென்னை ஆட்டோக்களுக்கு 2013ஆம் ஆண்டில் முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாயும், அதன்மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாயும் விதிக்கப்பட்டன. பத்தாண்டு கடந்தும் அவை திருத்தப்படாதிருக்க, எரிபொருள் விலையோ ஏறிற்று. கட்டுபடியாகாத விதியைப் பலர் கைவிட்டனர், மீட்டர் உறங்கிற்று, பேரம் வளர்ந்தது. அளவுகோலே பழுதாயின், அதன் இருமடங்கு மட்டும் நேராகுமோ?

ஆதலின் நாம் வேண்டுவன மூன்று. முதலாவது, எரிபொருள் விலைக்கேற்ப ஆண்டுதோறும் அடிப்படைக் கட்டணத்தைத் திருத்தல் வேண்டும். இரண்டாவது, புயல் வெள்ள எச்சரிக்கை விடுக்கப்பெற்ற மாவட்டத்தில் பிரயாணியிடம் மிகைக் கட்டணம் பெறுதல் அறவே கூடாது. அவ்வேளையில் துணிந்து வண்டியோட்டுவோர்க்கு நிறுவனத்தார் தம் பங்கினின்று மிகுதி ஊதியம் அளிப்பாராக. மூன்றாவது, விதிகள் தலைநகரத்தோடு நின்றுவிடலாகாது. சிதம்பரம் இரயில் நிலையத்தில் நள்ளிரவில் இறங்கும் மாணவனுக்கும், ஆருத்திரா தரிசனக் கூட்டத்தினின்று வெளிவரும் மூதாட்டிக்கும், தாம் தரவேண்டிய கூலி இன்னதென்று முன்னரே தெரிதல் வேண்டும். செல்பேசி வழி வரும் வண்டிக்கும் நிலையத்தில் நிற்கும் வண்டிக்கும் நீதி ஒன்றாதல் வேண்டும்.

இக்கலாசாலையினின்று வெளியேறி நாளை அதிகாரிகளாகவும் வழக்கறிஞர்களாகவும் அமரவிருக்கும் நண்பர்காள்! பிரயாணியை மட்டும் கருதி வண்டிக்காரரை மறக்கும் சட்டம் நில்லாது. வண்டிக்காரரை மட்டும் கருதி ஏழைப் பிரயாணியை மறக்கும் சட்டமோ நீதியாகாது. இருவரையும் ஒருங்கே நோக்கும் கண்ணே சட்டம் வகுப்போர்க்கு வேண்டுவது.