வீழ்ந்த தென்னையும் விரைந்த உதவியும்

நெற்பயிர் அழிந்தால் அடுத்த பருவத்தில் மீண்டும் விதைக்கலாம். மரம் வளர்ப்போர் நிலை அத்தகையதன்று. நெட்டைத் தென்னை காய்ப்பதற்கு ஆறேழு ஆண்டுகள் ஆகும். 2018ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் நாகப்பட்டினத்திற்கும் வேதாரணியத்திற்கும் இடையே கரை கடந்த கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பகுதிகளில் பல்லாண்டு வளர்ந்த தோப்புகளை ஓரிரவில் சாய்த்தது.

அரசு வாளாவிருக்கவில்லை. மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும், அதனை வெட்டி அகற்ற 500 ரூபாயும் வழங்குவதாக அறிவித்தது. எனினும், உதவியின் அளவைப் போலவே அது வந்து சேரும் காலமும் இன்றியமையாதது. முதலில் செலவிட்டுப் பின்னர்ச் சான்று காட்டிப் பணம் பெறுக என்றால், வருவாய் முழுவதையும் இழந்த உழவர் முதற்செலவிற்கு எங்கே செல்வர்? வட்டிக்கடைக்கன்றோ செல்ல நேரும்!

காலத்தாழ்வால் மற்றொரு கேடும் உண்டு. அகற்றப்படாமல் மட்கும் மரங்களில் காண்டாமிருக வண்டு முட்டையிட்டுப் பெருகும். பின்னர்ப் புதுக்கன்றுகளின் குருத்தைத் துளைக்கும். இவ்வாறு, வீழ்ந்த மரமே வளரும் மரத்திற்குப் பகையாகின்றது.

முன்பணம் வீணாகும் எனச் சிலர் அஞ்சுவர். அவ்வச்சம் பொருளற்றதன்று, ஆயினும் அதற்கு வழியுண்டு. மரம் அகற்ற ஒரு தவணை, குழி தோண்டிக் கன்று நட ஒரு தவணை, கன்று பிழைத்தமை கண்டபின் ஒரு தவணை எனப் பிரித்து வழங்கலாம். பெற்ற பணத்தைத் தோப்பிற்கே செலவிடுதல் உழவர் கடமையாகும். கன்று வளரும் காலத்தில் உளுந்து, நிலக்கடலை முதலிய ஊடுபயிர்கள் குடும்பத்தைத் தாங்கும்.

தென்னங்கன்றைத் தென்னம்பிள்ளை என்பது தமிழர் வழக்கு. பிள்ளைக்குப் பால், பசித்தபொழுதே ஊட்டப்பெறல் வேண்டும்.