பெரிய கமராவுக்கு ஒரு துணை

டி.எஸ்.எல்.ஆர். என வழங்கும் பெரிய கமராவும் அதற்குரிய மூன்று நான்கு வில்லைகளும் கைவசமுள்ள அன்பர்கள் திருகோணமலையில் இன்று பலர். அவர்களுட் சிலர், "ஆடியில்லாத சிறிய கமரா ஒன்றும் வாங்கலாமா? வாங்குவதாயின் எதனை வாங்குவது?" என வினவுகின்றனர். கடையிலுள்ளவற்றுள் எது சிறந்தது என்று கேட்பதிலும், கையிலுள்ளது எவ்விடத்தில் நம்மைக் கைவிடுகின்றது என்று கேட்பதே அறிவுடைமை என்பது நமது துணிபு. துணை தேடுவோர் முதலில் துணை வேண்டிய இடத்தை அறிதல் வேண்டுமன்றோ?

பெரிய கமராவின் முதற் குறை அதன் பாரமே. கனொன் 5டி மார்க் 4 பற்றரியோடு 890 கிராம். அந்நிறுவனத்தின் 24-70 மில்லிமீற்றர் எவ்.2.8 வில்லையின் இரண்டாம் பதிப்பு 805 கிராம். இரண்டும் சேர்ந்தால் ஏறத்தாழ 1.7 கிலோகிராம். ஒரு கையில் அர்ச்சனைத் தட்டும் மறு கையில் குழந்தையுமாக, பிரெட்ரிக் கோட்டை வாயிலிலே மான்களைக் கடந்து கோணேசர் கோயிலுக்கு ஏறுவோர் இதனையும் தோளிற் சுமப்பரோ? சுமவார். கமரா அலுமாரியிலே உறங்கும். கோட்டை மதிலருகே மானைக் கண்டு மலைத்து நின்ற குழந்தையின் முகம் அன்றோடு மறைந்துவிடும்.

இதனைச் சிறு நட்டமென எண்ணற்க. போர்க்கால இடப்பெயர்வுகளும் 2004 டிசெம்பர் 26ஆம் நாட் கடல்கோளும் இம்மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களின் படத் தொகுப்புக்களைக் கொண்டுசென்றன. பாட்டியின் முகத்தைப் பேரனுக்குக் காட்ட ஒரு படமுமின்றி வருந்தும் வீடுகளின் அருமை நம்மவர் அறியாததன்று. ஆதலின், உடன் வரும் கமராவே உயர்ந்த கமரா என்க.

பெரிதும் சிறிதுமாக இரண்டு வைத்துக்கொள்ளும் வழக்கம் புதியதன்று. 1925இல் லெயிக்காவும் 1929இல் ரோலிபிளெக்சும் விற்பனைக்கு வந்தன. ரோலிபிளெக்ஸ் ஒரு சுருளிற் சில பெரிய படங்களைத் தந்தது; லெயிக்கா சட்டைப் பையளவில் இருந்து முப்பத்தாறு சிறிய படங்களைத் தந்தது. ஒன்றன் வேலையை மற்றொன்று செய்யவில்லை. அதனாலேயே இரண்டும் வாழ்ந்தன.

இன்றைய சிறிய கமராவின் இரகசியம் யாதெனில், உள்ளிருந்த ஆடியை நீக்கியமையே. டி.எஸ்.எல்.ஆரில் வில்லை வழி வரும் ஒளியை ஓர் ஆடி மேலே திருப்பி நமது கண்ணுக்கு அனுப்புகின்றது. அவ்வாடிக்கு இடம் விடுதற்பொருட்டு, வில்லை பூட்டும் வாய்க்கும் ஒளிபதியும் தகட்டுக்கும் இடையே கனொன் 44 மில்லிமீற்றரும் நிக்கொன் 46.5 மில்லிமீற்றரும் வைத்தன. ஆடி நீங்கியதும் அவ்விடைவெளி முறையே 20 ஆகவும் 16 ஆகவும் குறுகிற்று. 2008இல் பனசொனிக் நிறுவனத்தின் ஜி1 தொடக்கிவைத்த மாறுதல் இது. குறைந்த அவ்விடத்தை ஓர் இணைப்பு வளையம் நிரப்பினால், பழைய வில்லைகளையும் புதிய கமராவிற் பூட்டலாம்.

ஆகவே முதல் விதி, பெரியது எக்குலமோ சிறியதும் அக்குலமாக இருத்தல். கனொன் உடையார் 2023இல் வந்த ஆர்50 போன்றதொன்றை நாடலாம். 110 கிராம் வளையத்தின் துணையால் ஈ.எவ். வில்லைகள் யாவும் தாமே குவியம் கொள்ளும். நிக்கொன் உடையார் 2019இல் வந்த இசட்50 போன்றதை நாடலாம். ஆயினும் நிக்கொனின் எவ்.ரி.இசட். வளையம், தம்முள்ளே மோட்டர் இல்லாத பழைய வில்லைகளைத் தாமாகக் குவியச் செய்யாது. அவற்றைக் கையாற் றிருப்பல் வேண்டும். கைமாறி மலிவாகக் கிடைக்கும் கனொன் ஈ.ஓ.எஸ். எம் வகை குறித்தும் எச்சரிக்கை தேவை: அதற்கெனச் செய்த வில்லைகள் ஆர் வகைக்குப் பொருந்தா.

ஆனால், சிறிய உடலிற் பெரிய வில்லையை நாளும் பூட்டுவது கன்றின் முதுகில் வண்டி நுகத்தை ஏற்றுதல் போலாகும். தட்டையான சிறு வில்லை ஒன்றும் உடன் வாங்குக. ஆர்50 375 கிராம், அதற்கேற்ற 28 மில்லிமீற்றர் வில்லை 120 கிராம். கூடி அரைக் கிலோவுக்கும் சற்றுக் குறைவே.

இரண்டாம் விதி நமது ஊரின் வெயில் விதிப்பது. உப்புவெளி, நிலாவெளி மணலில் நண்பகலில் முதுகுத் திரையைப் பார்த்தால் நமது முகமே தெரியும். கண்வைத்துப் பார்க்கும் சாளரம் உள்ள கமராவே நமக்கு ஏற்றது. நிக்கொன் இசட்30, சொனி இசட்.வி.-ஈ10 ஆகியவற்றில் அது இல்லை. ஏனைய சிறப்புக்கள் இருப்பினும் கடற்கரையார் இதனை ஆராய்ந்தே வாங்குக.

மூன்றாவது, காற்று. கச்சான் வீசும் மாதங்களில் உப்பும் மணலும் பறக்கும். இச்சிறிய கமராக்களில் வில்லையைக் கழற்றியதும் தகடு வெறுமையாக நிற்கும், மறைக்க ஆடியில்லை. எனவே தொலைவில்லையைப் பெரியதிலும் அகலவில்லையைச் சிறியதிலும் பூட்டி, கரையில் மாற்றாதிருத்தலே நன்று. இரண்டு கமரா வைத்திருப்பதன் பெரும் பயன் இதுவே.

பல சிறிய கமராக்கள் ஓசையின்றிப் படமெடுக்கும். தாலி கட்டும் வேளையில் இஃது ஒரு வரம். எனினும் ஓசையற்ற முறையில், விரைந்து செல்லும் பொருள் சாய்ந்து தோன்றும். சில மின்விளக்குகளின் கீழ்ப் படத்திற் கோடுகள் விழும். ஓசை எழாதென்பதற்காகக் கோயிலிலே தடுத்த இடத்திலும், கடற்படைத் தளத்தின் பக்கத்திலும் கமராவைத் திருப்புதல் தகாது.

இத்துணை சொன்னோமாயினும் பெரியதை விற்றுவிடுக என்று கூறோம். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை திமிங்கிலம் காணப் படகேறுவோர்க்கு, நீண்ட வில்லையைத் தாங்கக் கைநிறைந்த உடலும் நெடுநேரம் உழைக்கும் பற்றரியும் வேண்டும். நிக்கொன் டி7500 ஒரு மின்னேற்றத்தில் ஏறத்தாழ 950 படங்கள் எடுக்கும் என்பது நிறுவனக் கணக்கு. இசட்50க்கு ஏறத்தாழ 320. சிறியதை வாங்குவோர் மேலுமொரு பற்றரிக்கும் பணம் ஒதுக்குக.

2020இன் பின் கனொனும் நிக்கொனும் புதிய டி.எஸ்.எல்.ஆர். எதனையும் வெளியிடவில்லை. இன்று துணையாக வரும் சிறியது நாளை முதல்வனாகவும் கூடும். அதனாலும் வில்லைகள் இரண்டுக்கும் பொருந்துதல் நலம்.

வாங்குமுன், சென்ற ஆண்டு எடுத்த படங்களை வீட்டாரோடு அமர்ந்து ஒருமுறை பாருங்கள். அவற்றில் யார் இல்லை, எந்த இடம் இல்லை என்று எண்ணுங்கள். அவ்விடைவெளியை நிரப்பும் கமரா எதுவோ அதுவே நீங்கள் வாங்கத் தக்கது. இடைவெளி இல்லையாயின், பணம் உங்கள் பையிலேயே இருக்கட்டும்.