வழக்கு குறைந்தால் குற்றம் குறைந்ததா?



குற்றங்கள் குறைந்துவிட்டதாகக் காவல்துறை புள்ளிவிவரம் காட்டும்போதெல்லாம் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. அது பதிவான வழக்குகளின் கணக்கு. சந்தை நெரிசலில் செல்போனைப் பறிகொடுத்தவரிடம், "தொலைஞ்சு போச்சுன்னு எழுதிக் கொடுங்க, சிம் வாங்க அது போதும்" என்று சொல்லிவிட்டால் ஒரு திருட்டு வழக்கு அதோடு ஒழிந்தது. எந்த ஊரிலும் நடக்கிற கதைதான். புகாரை ஒழுங்காகப் பதிகிற ஆய்வாளரின் எல்லையில்தான் குற்றம் பெருகியதாகத் தெரியும்!

ராஜஸ்தானில் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் 160க்கும் மேற்பட்ட காவல் நிலையங்களில் ஆய்வு நடத்தினார்கள். புகார்தாரர் போல ஆட்களை அனுப்பி, வழக்குப் பதிகிறார்களா என்று பார்த்தார்கள். மக்களிடமும் கருத்துக் கேட்டார்கள். காவலர்களுக்குப் பயிற்சி கொடுத்து, அடிக்கடி இடமாற்றம் செய்வதை நிறுத்தியபோது மக்களின் திருப்தி கூடியது. நிலைய அதிகாரிக்குக் குறைந்தது 2 ஆண்டுப் பணிக்காலம் வேண்டும் என்று காவல்துறைச் சீர்திருத்தம் குறித்த பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது 2006இல்.

புதுச்சேரி சின்ன ஊர். பெரியகடை, ஒதியஞ்சாலை, முத்தியால்பேட்டை என்று நிலையங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இங்குள்ள காவலர்களின் சிவப்புத் தொப்பியைப் படம் பிடிக்கும் சுற்றுலாப் பயணிகளிடம் கேட்பதை விட, புகார் கொடுத்துவிட்டு வந்தவர்களிடம் ஆண்டுக்கொருமுறை காவல்துறை சாராத ஓர் அமைப்பு கருத்துக் கேட்டு, நிலைய வாரியாக வெளியிடட்டும். அந்த வேலையைச் செய்யப் பல்கலைக்கழகம் இங்கேயே காலாப்பட்டில் இருக்கிறது.

– ஒரு வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி